மாநாட்டு விருந்தினருக்கு முதலில் சொல்ல வேண்டியது

தில்லியில் நடைபெறும் பன்னாட்டுக் கருத்தரங்குகளின் அறிவிப்பில், கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டிய நாள், பதிவுக் கட்டணம், ஏற்பாட்டுக் குழுவினரின் நீண்ட பட்டியல் ஆகிய அனைத்துக்கும் பின்னால் ‘அயல்நாட்டு விருந்தினருக்கான பயணக் குறிப்புகள்’ என்றொரு பகுதி இடம்பெறும். குழாய் நீரைப் பருக வேண்டாம். கொசுவிரட்டி கொண்டு வருக. மின்செருகியில் மூன்று உருண்டைக் கம்பிகள் இருக்கும். ஓய்வு நாளில் குதுப்மினாரும் தாஜ்மகாலும் காணத் தக்கவை. அரங்கத்துக்கு அருகில் தங்குவதற்கு இன்னின்ன நட்சத்திர விடுதிகள் உள்ளன. சுற்றுலாக் கையேட்டிலிருந்து பெயர்த்து ஒட்டப்பட்ட இவ்வரிகளுக்கு நடுவே, எவர் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு வரி இருக்கும்: ‘உரிய விசாவைப் பங்கேற்பாளரே பெற்றுக்கொள்ள வேண்டும்.’

சிக்கல் முழுவதும் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. ‘உரிய’ என்ற அடைமொழியை எழுதியவர் அதன் பொருளை விளக்குவதில்லை. விளக்காமல் விட்டதன் செலவை ஏற்பாட்டாளர் ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ டர்பனிலிருந்தோ தம் சேமிப்பைச் செலவழித்து வருகின்ற விருந்தினரே ஏற்கிறார்.

இந்தியாவில் மாநாட்டில் பங்கேற்பதற்கென்று தனி விசா வகை உண்டு. சுற்றுலா விசா சுற்றிப் பார்ப்பதற்கும் உற்றார் நண்பரைக் காண்பதற்கும் உரியது. கட்டுரை வாசிப்பதற்கு உரியதன்று. இணையவழி விசாவில் மாநாட்டுப் பிரிவு தனியே உள்ளது. அதன் காலம் 30 நாள். ஒரே முறைதான் நாட்டுக்குள் நுழையலாம். அதற்கான விண்ணப்பத்தில் அழைப்புக் கடிதம் மட்டுமல்லாது, வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதலும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி ஒப்புதலும் கேட்கப்படுகின்றன. இவ்விரு ஒப்புதல்களையும் வாங்க வேண்டியவர் விருந்தினர் அல்லர், மாநாட்டை நடத்தும் நிறுவனம். ஆக, ‘பங்கேற்பாளரே பெற்றுக்கொள்ள வேண்டும்’ என்னும் வரி பாதி உண்மைதான். மறுபாதி ஏற்பாட்டாளரின் மேசையில் கிடக்கிறது. பாகிஸ்தான் குடிமக்களுக்கு இணையவழி விசாவே கிடையாது. அவர்கள் தூதரகத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். வேறு சில நாட்டவருக்கும் முன்கூட்டியே பாதுகாப்பு அனுமதி தேவைப்படுகிறது. செலுத்திய விசாக் கட்டணம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும், திரும்பி வராது.

இத்தனையும் தெரிந்த ஏற்பாட்டாளர்களுள் சிலர் விருந்தினரிடம், ‘சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், யாரும் கேட்பதில்லை’ என்று காதோடு சொல்வதுண்டு. பலகாலம் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் அது அறிவுரையாகாது. தன் வேலையைச் செய்யாத நிறுவனம் அந்த வேலையின் ஆபத்தைப் பிறர் தலையில் கட்டுவதாகும். 2022 மார்ச்சில் மானிடவியலாளர் பிலிப்போ ஒசெல்லா திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். கேரளத்தை 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்தவர் அவர். வந்ததும் ஒரு கருத்தரங்குக்காகவே. 2025 அக்டோபரில் இந்தி இலக்கிய வரலாற்றாய்வாளர் பிரான்செஸ்கா ஒர்சினி தில்லி விமான நிலையத்தைத் தாண்டவே முடியவில்லை. விசா நிபந்தனையை முன்பு மீறியதே காரணம் என்று அரசுத் தரப்பை மேற்கோள் காட்டிச் செய்திகள் வெளிவந்தன. அந்நடவடிக்கைகள் நியாயமா என்பது வேறு விவாதம். அவற்றை ஏற்காதவர் கல்வியுலகில் மிகப் பலர். பயணக் குறிப்பு எழுதுகின்றவருக்கு அவற்றிலிருந்து கிடைக்கும் செய்தி எளியது: பெயர்பெற்ற பேராசிரியர்களுக்கே இந்நிலை என்றால், முதல் கட்டுரையோடு வரும் முனைவர் பட்ட மாணவரிடம் ‘யாரும் கேட்பதில்லை’ என்று சொல்வது பொறுப்பற்ற செயல்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து லோதி சாலை மிக அருகில் உள்ளது. அச்சாலையிலுள்ள இந்தியா ஹாபிடட் சென்டரில் 2018 ஜூலையில் ஆசியவியல் ஆய்வுச் சங்கத்தின் ஆசிய மாநாடு, அசோகா பல்கலைக்கழகத்தின் துணையோடு நடந்தது. உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் திரண்ட அம்மாநாட்டில் பாகிஸ்தான் ஆய்வாளர்கள் பங்கேற்க அனுமதியில்லை என்று வெளியுறவு அமைச்சகம் முன்கூட்டியே தெரிவித்திருந்தது. அக்கடிதம் பிப்ரவரித் தேதியிட்டது. பரவலாக வெளியில் தெரிந்தது ஜூன் மாதத்தில். அரசின் முடிவை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்கள், ஏற்பாட்டாளர்களின் மௌனத்தையும் அதே வேகத்தில் கண்டித்தார்கள். அந்த இரண்டாவது கண்டனம்தான் இங்கே பொருத்தமானது. அரசின் கொள்கையை ஒரு பல்கலைக்கழகம் ஒரே இரவில் மாற்றிவிட முடியாது. தனக்குத் தெரிந்ததை உடனே சொல்ல முடியும். சொல்லியிருந்தால் சிலர் வராமல் இருந்திருப்பர், சிலர் எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டு வந்திருப்பர், வர இயலாதவர் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டாமலாவது இருந்திருப்பர்.

தமிழாய்வுலகுக்கு இது புதிய கதையன்று. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழறிஞர்கள் சிலர் பங்கேற்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். தமிழைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழகத்துக்கு வந்த தமிழர்கள் அவர்கள். அம்மாநாட்டின் அலங்கார வளைவுகளும் ஊர்வலங்களும் மறந்துபோயின. அந்த வெளியேற்றம் ஈழத்து அறிவுலகின் நினைவில் ஆறாமல் தங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் தில்லியிலேயே உண்டு. 1964 ஜனவரியில் இருபத்தாறாவது அனைத்துலகக் கீழ்த்திசையியலாளர் மாநாடு இந்நகரில் கூடியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய சேவியர் தனிநாயகம் அடிகள், வ. அய். சுப்பிரமணியம் முதலியோரின் முயற்சியால், அம்மாநாட்டுக்கு வந்திருந்த தமிழியல், திராவிடவியல் அறிஞர்கள் ஒன்றுகூடி அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார்கள். பிரான்சின் ழான் ஃபிலியோசாவும் செக்கோஸ்லோவாக்கியாவின் கமில் சுவலபிலும் அத்தொடக்கத்தோடு இணைந்த பெயர்கள். 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே முளைத்ததுதான். வெவ்வேறு நாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த சிலர் ஒரே ஊரில், ஒரே வாரத்தில், அமர்வுகளுக்கு வெளியேயும் சந்தித்துக்கொள்ள முடிந்ததால் பிறந்த அமைப்பு அது. மாநாடுகளின் உண்மையான பயன் பெரும்பாலும் அவ்வாறுதான் விளைகிறது. பயணக் குறிப்பு எழுதுகின்றவர் இதை மறந்து, வசதியுள்ள விருந்தினரை அரங்கத்துக்கு அருகிலுள்ள விடுதியிலும் வசதியற்றவரை நகரின் எங்கோ ஒரு மூலையிலும் சிதறவிடுகிறார். மாலை 5 மணிக்கு அமர்வு முடிந்ததும் ஒரு சாரார் விருந்து மேசைக்கும் மறுசாரார் பேருந்துக்கும் பிரிந்துபோகின்றனர்.

ஆகவே, விசாவுக்கு அடுத்தபடியாகக் குறிப்பில் சொல்லப்பட வேண்டியது தங்குமிடம். இவ்விடத்தில்தான் லக்ஷ்மிபாய் நகர் போன்ற ஒரு வட்டாரத்தின் பயன் தெரியும். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பான இது சுற்றுலாக் கையேடுகள் எதிலும் இடம்பெறாது. ஆனால் மெட்ரோ வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தில்லி ஹாட் – ஐ.என்.ஏ. நிலையத்தில் மஞ்சள் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் சந்திக்கின்றன. மஞ்சள் தடத்தில் வடக்கே அடுத்த நிலையம் ஜோர் பாக். லோதி சாலைக் கருத்தரங்கக் கூடங்களுக்கு அங்கே இறங்கலாம். அதே தடம் நேராகத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வாயில்வரை செல்கிறது. தெற்கே சென்றால் ஹவுஸ் காஸ், ஐ.ஐ.டி.க்கும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கும் அதுவே வழி. விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலிருந்து வருபவர் விமான நிலைய விரைவுத் தடத்தில் தௌலா குவான் வந்து, நடைமேம்பாலத்தைக் கடந்து, துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் நிலையத்தில் இளஞ்சிவப்புத் தடம் ஏறினால் நான்காவது நிலையம் ஐ.என்.ஏ. முதல் முனையத்தில் இறங்குவோர்க்கு இது பொருந்தாது. அவர்கள் மெஜந்தா தடத்தைப் பிடிக்க வேண்டும். இரவு 11 மணி வாக்கில் மெட்ரோ ஓய்ந்துவிடும் என்பதையும், அயல்நாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின்னரே தரையிறங்குகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்நேரத்தில் வருபவர் முன்பணம் செலுத்தும் வாடகை வண்டிச் சாளரத்துக்குச் செல்வது நல்லது. ‘உங்கள் விடுதி மூடிவிட்டது, வேறு இடம் காட்டுகிறேன்’ என்னும் பேச்சு இந்நகரில் பழைய தந்திரம். எவர் சொன்னாலும் நம்பாமல் விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்துவிட வேண்டும்.

பெயர்களில் ஒரு சிறு வியப்பும் உண்டு. ஐ.என்.ஏ. என்பது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதை ஒட்டிய குடியிருப்புக்கு ஜான்சி ராணியின் பெயர். அப்படையின் ஜான்சி ராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் வளர்ந்த கேப்டன் லட்சுமி. அதில் சேர்ந்தவர்களுள் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். மலேசியாவிலிருந்து வரும் தமிழாய்வாளர் ஒருவருக்கு இந்த மெட்ரோ நிலையப் பெயர்ப்பலகை வெறும் மூன்றெழுத்தாக இராது. எந்தப் பயணக் குறிப்பும் இதை அவருக்குச் சொன்னதில்லை.

இவ்வட்டாரத்தின் தமிழ்த் தொடர்பு பெயரளவினதன்று. 1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளுள் ஒன்று லக்ஷ்மிபாய் நகரில் உள்ளது. தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கும் ராமகிருஷ்ணபுரமும் தொலைவில் இல்லை. ஐ.என்.ஏ. அங்காடியில் தென்னிந்தியச் சமையற் பொருள்களும் மீனும் மலையாளிகளின் உணவுக் கடைகளும் உண்டு. தூதரகத்தார் தேடிவரும் அயல்நாட்டுப் பாலாடைக் கட்டியும் அதே சந்தில் கிடைக்கும். 1994 முதல் இயங்கும் தில்லி ஹாட்டில் நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டால் பல மாநிலங்களின் உணவை ஒரே வளாகத்தில் உண்ணலாம். பத்து நாட்டு ஆய்வாளர்கள் மாலையில் கூடிப் பேச ஐந்து நட்சத்திர விடுதியின் விருந்துக்கூடத்தைவிட இது பொருத்தமான இடம். இங்கே ஒரு கோப்பைத் தேநீரின் விலை எவரையும் கூட்டத்திலிருந்து விலக்கிவைக்காது.

ஆயினும் தங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அரசுக் குடியிருப்பை ஒதுக்கீடு பெற்றவர் அதை உள்வாடகைக்கு விடுவது விதிமீறல். ‘லக்ஷ்மிபாய் நகரில் குறைந்த வாடகையில் அறை’ என்று இணையத்தில் எவரேனும் விளம்பரம் செய்தால் விலகிப் போவதே அறிவு. அருகிலுள்ள சப்தர்ஜங் என்கிளேவ், கிரீன் பார்க், சவுத் எக்ஸ்டென்ஷன் பகுதிகளின் தனியார் விருந்தினர் இல்லங்களை நாடலாம். அவற்றிலும் கேட்டுத் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. அயல்நாட்டவரைத் தங்க வைப்பவர் எவராயினும், விடுதியானாலும் வீடானாலும், விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு இணையவழியில் தகவல் அளிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று வழங்கிவந்தது அதுதான். இந்தத் தொல்லைக்கு அஞ்சிப் பல சிறு விடுதிகள் அயல்நாட்டுக் கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரித்துவிடுகின்றன. இணையத்தில் முன்பதிவு செய்து, பணமும் கட்டி, இரவு 2 மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்பவரிடம்கூட. உறவினர் வீட்டில் தங்கும் இலங்கை விருந்தினர்க்கும் இப்படிவம் பொருந்தும் என்பதை வீட்டுக்காரர் பெரும்பாலும் அறிவதில்லை. விருந்தினர் அதை நினைவூட்டினால் அது மரியாதைக் குறைவாகாது. அயல்நாட்டவரை ஏற்கும் விடுதிகளின் பட்டியலைச் சரிபார்த்து வெளியிடுவது ஏற்பாட்டுக் குழுவில் ஒருவருக்கு அரைநாள் வேலை. அந்த அரைநாளை எவரும் ஒதுக்குவதில்லை.

மாதத்தைத் தேர்வதிலும் விருந்தினர் நலம் கணக்கில் வருவதில்லை. வெயில் தணிந்த காலம் என்பதால் தில்லிக் கருத்தரங்குகளில் பல நவம்பரில் வைக்கப்படுகின்றன. காற்று மிக மோசமாக இருக்கும் காலமும் அதுவே. 2024 நவம்பர் 18 அன்று நகரின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. 400-க்கு மேற்பட்டாலே அது ‘கடுமை’ என்னும் கடைசி நிலை. பள்ளி வகுப்புகள் இணையத்துக்கு மாறின. அத்தகைய வாரத்தில் ஆஸ்துமா உள்ள ஒருவரை அழைத்துவிட்டு, குறிப்பில் ‘இதமான குளிர், மெல்லிய கம்பளி ஆடை போதும்’ என்று எழுதுவது ஏமாற்று. என்-95 முகக்கவசத்தையும் வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவரின் சீட்டையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம். வந்து சேரும் அன்றே கட்டுரை வாசிக்கும்படி எவருக்கும் நிகழ்ச்சிநிரல் அமைக்கலாகாது. பிப்ரவரியின் பிற்பகுதி இவற்றுள் பலவற்றைத் தவிர்க்கும். ஆனால் நிதியாண்டு முடிவுக்குள் செலவுக் கணக்கை முடித்தாக வேண்டும் என்னும் அலுவலகக் கவலையே நாளைத் தீர்மானிக்கிறது, விருந்தினரின் நுரையீரல் அன்று.

மற்றவை சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து 6 நாட்களுக்குள் வந்து சேர்பவரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும். அது இல்லையேல் தனிமைப்படுத்தல்தான். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பின்னரே அச்சான்று செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரத்தில் நினைவுக்கு வந்து பயனில்லை. நகரின் காய்கறிக்காரர்வரை அனைவரும் கைப்பேசியில் பணம் பெறுகின்றனர். இந்தியக் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் இல்லாத விருந்தினருக்கு அவ்வசதி எளிதில் வாய்க்காது என்பதால், 50, 100 ரூபாய்த் தாள்கள் சிலவற்றை முதல் நாளிலேயே மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். மெட்ரோ ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கு உரியது. கடவுச்சீட்டு, விசா, அழைப்புக் கடிதம் மூன்றின் அச்சுப் படிகளும் கைப்பையில் இருக்கட்டும். குடிவரவு மேசையில் கைப்பேசியின் மின்னேற்றம் தீர்ந்துபோனால் மின்னஞ்சலில் உள்ள அழைப்பால் பயனில்லை.

‘எந்த நாட்டுக்குள் எவர் நுழையலாம் என்பதை அந்நாடுதான் முடிவு செய்யும், ஏற்பாட்டாளர் என்ன செய்வார்?’ என்று கேட்பவர் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்கத் தூதரக வாசல்களில் இந்திய ஆய்வாளர்கள் படும் பாட்டைச் சுட்டி, ‘அவர்கள் மட்டும் நம்மை எளிதில் விடுகிறார்களா?’ என்று கேட்பவர் அவர்களைவிட அதிகம். இரண்டாம் கேள்வி தன்னைத்தானே தோற்கடிக்கிறது. விசா கிடைக்காமல் வியன்னாவிலோ சிகாகோவிலோ வாசிக்க முடியாமற்போன கட்டுரையின் வலியை அறிந்தவர்கள்தாம், இலங்கையிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவரிடம் அதே பாராமுகத்தைக் காட்டலாகாது. முதற்கேள்விக்கு விடை நடைமுறையில் உள்ளது. விண்ணப்பித்திருக்கும் ஒப்புதல்கள் எவை, அவை எந்நிலையில் உள்ளன என்பதை முதல் அறிவிப்பிலேயே வெளியிடலாம். ஒப்புதல் வருமுன் பதிவுக் கட்டணம் வாங்காதிருக்கலாம். வாங்கியிருந்தால், விசா மறுக்கப்பட்டவருக்கு முழுத் தொகையையும் திருப்பித் தரலாம். விமான நிலையத்தில் நிறுத்தப்பட்ட விருந்தினர் அழைத்தால் எடுப்பதற்கு, நள்ளிரவிலும் விழித்திருக்கும் ஒரு பேராசிரியரின் எண்ணைக் கொடுக்கலாம். பயண முகவரின் எண் அதற்குப் போதாது. வர முடியாமற்போனவரின் கட்டுரையை இணையவழியில் வாசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இணையவழி அமர்வுகளிலும் கட்டுப்பாட்டுக்கு முயற்சி நடந்தது என்பது உண்மையே: இந்தியாவின் உள்விவகாரம், எல்லை, பாதுகாப்பு தொடர்பான பன்னாட்டு இணையக் கருத்தரங்குகளுக்கு முன்னனுமதி வேண்டும் என்று 2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம் பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தியது. அறிவியல் கழகங்கள் வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தன. அடுத்த மாதமே அவ்விதி விலக்கிக்கொள்ளப்பட்டது.

வரும் குளிர்காலக் கருத்தரங்குகளுக்கான அறிவிப்புகள் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். உள்துறை அமைச்சகத்துக்கான விண்ணப்பத்தில் பங்கேற்பாளரின் பெயர், நாடு, கடவுச்சீட்டு விவரங்களைத் தர வேண்டியிருப்பதால், கட்டுரைத் தேர்வு முடிவுகள் மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே வந்தாக வேண்டும். ஆறு வாரங்களுக்கு முன் ஏற்புக் கடிதம் அனுப்பும் இன்றைய வழக்கத்தில் அதற்கு இடமில்லை. தேர்வுக் குழுவினர் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்து முடிக்க வேண்டிய தேதியை முன்னே நகர்த்துவதிலிருந்துதான் விருந்தினரின் பயணம் தொடங்குகிறது.